வானம் பார்க்கவும் வான்படம் எடுக்கவும் எந்தப் புத்தகம் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொட்டை மாடியில் நின்று வானம் பார்க்கத் தொடங்கியவர்களும், கேமராவை வானத்தின் பக்கம் திருப்பியவர்களும் புத்தகங்களைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் எல்லாவற்றிலும் ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வரும். இந்தத் துறையின் நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை 40, 50 டிகிரி வட அட்சரேகையில் வாழ்பவர்கள் தங்கள் ஊர் வானத்தைப் பார்த்து எழுதியவை. மதுரையும் யாழ்ப்பாணமும் ஏறக்குறைய 10 டிகிரியில் இருக்கின்றன. சென்னை 13 டிகிரியில். நம் வானம் வேறு. அதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் ஒரு புத்தகம் பல வருஷம் உழைக்கும். தெரியாமல் வாங்கினால், 'இதில் சொன்னது எதுவும் இங்கே தெரியவில்லையே' என்று இரண்டு மாதத்தில் அலமாரிக்குள் போய்விடும்.

புதிதாகத் தொடங்குகிறேன். ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எது?

'டர்ன் லெஃப்ட் அட் ஓரியன்'. கை கன்சோல்மாக்னோவும் டான் டேவிஸும் சேர்ந்து எழுதியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1989-இல் வெளியிட்டது. இப்போது ஐந்தாம் பதிப்பு வரை வந்துவிட்டது. கன்சோல்மாக்னோ ஒரு இயேசு சபைத் துறவி; வத்திக்கான் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்தவர்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், தொலைநோக்கி வாங்கியவர்கள் முதல் வாரத்தில் மனம் உடைந்துபோகும் இடத்தை இந்தப் புத்தகம் அறிந்திருக்கிறது. இணையத்தில் ஓரியன் நெபுலாவை (விண்வெளியில் உள்ள ஒரு வாயு, தூசி மேகம்) ரோஜா நிறத்தில் பார்த்திருப்போம். ஐபீஸில் (தொலைநோக்கியில் கண் வைக்கும் லென்ஸ்) கண் வைத்தால் சாம்பல் நிறப் புகைபோல ஏதோ தெரியும். 'கருவி சரியில்லையோ' என்று சந்தேகம் வந்துவிடும். இந்தப் புத்தகத்தில் பளபளப்பான புகைப்படங்களை நம்பி எதுவும் சொல்லப்படுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் வெறும் கண்ணில் எங்கே தேடுவது, ஃபைண்டரில் (மேலே பொருத்திய குட்டித் தொலைநோக்கி) எப்படித் தெரியும், சிறிய தொலைநோக்கியில் எப்படி, டாப்சோனியனில் (எளிய தாங்கியில் நிற்கும் பெரிய கண்ணாடித் தொலைநோக்கி) எப்படி என்று கையால் வரைந்தது போன்ற படங்கள் இருக்கின்றன. அதுவும் தலைகீழாகவும் இடவலம் மாறியும், அந்தந்தக் கருவியில் தெரிகிற மாதிரியே. நீங்கள் பார்ப்பதும் பக்கத்தில் இருப்பதும் ஒத்துப்போகும்போது வரும் நிம்மதி பெரிது.

அண்மைப் பதிப்புகள் சுருள் கம்பி பைண்டிங்கில் வருவதால் மேஜையில் விரித்து வைத்தால் மூடிக்கொள்ளாது. தென்வானத்துக்குத் தனிப் பகுதியும் உண்டு. அந்தப் பகுதியை 'நமக்கில்லை' என்று தள்ளிவிடாதீர்கள். அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவை நமக்குத் தெரியும்.

தொலைநோக்கி இன்னும் வாங்கவில்லை. அதற்கு முன் எதைப் படிக்கலாம்?

டெரன்ஸ் டிக்கின்சனின் 'நைட்வாட்ச்'. கனடாக்காரர் எழுதியது, முதலில் 1983-இல் வந்தது. அவர் 2023-இல் காலமானார். அதே ஆண்டு ஐந்தாம் பதிப்பும் வந்தது. வெறும் கண்ணோடும் ஒரு பைனாகுலரோடும் வானத்தைப் பழக இதைவிடப் பொறுமையான ஆசிரியர் கிடைப்பது கடினம். கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் ஒரு டிகிரி, முஷ்டி பத்து டிகிரி என்று வானத்தை அளக்கும் முறையை இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம். முதன்மை வரைபடங்கள் வட அட்சரேகைக்காரர்களுக்கானவை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அதைச் சரிக்கட்டும் வழியை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

எந்தக் கருவி வாங்குவது என்ற குழப்பம் இருந்தால் அவரும் ஆலன் டயரும் சேர்ந்து எழுதிய 'தி பேக்யார்ட் அஸ்ட்ரானமர்ஸ் கைடு' இருக்கிறது. கனமான புத்தகம். மவுண்ட் (தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் அடிப்பகுதி), ஐபீஸ், ஃபில்டர் என்று ஒவ்வொன்றையும் வாங்குபவர் பக்கம் நின்று பேசுகிறது. சில ஆயிரம் ரூபாய் போட்டு இதைப் படித்துவிட்டு, பல ஆயிரம் ரூபாய்த் தவறைத் தவிர்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் இதன் அண்மைப் பதிப்பைத்தான் வாங்க வேண்டும். கருவிகள் சீக்கிரம் மாறுகின்றன.

புத்தகத்தில் 'கோடைக்கால வானம்' என்று போட்டிருப்பது நம் ஊரில் மேகம் மூடிய காலம். அப்புறம் எப்படிப் பயன்படுத்துவது?

நியாயமான கேள்வி. வட நாட்டுப் புத்தகங்கள் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாலைகளைப் பால்வழியின் காலம் என்று சொல்லும். நமக்கு அப்போது தென்மேற்குப் பருவக்காற்றின் மேகம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. நல்ல வானம் என்றால் பொங்கல் கழிந்ததிலிருந்து ஏப்ரல் வரை.

இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. விண்மீன்கள் ஒவ்வொரு மாதமும் இரண்டு மணி நேரம் முன்னதாக உதிக்கின்றன. ஆகவே ஜூன் நடுவில் இரவு 10 மணிக்குத் தெரியும் வானம், மார்ச் நடுவில் அதிகாலை 4 மணிக்கே தெரிந்துவிடும். புத்தகத்தின் 'கோடை' வரைபடத்தை எடுத்துக்கொண்டு மார்ச் மாதத்தில் நாலு மணிக்கு எழுந்து மாடிக்குப் போங்கள். கேட்டை நட்சத்திரம் சிவப்பாகத் தெற்கில் நிற்கும். அதன் கிழக்கே விருச்சிகத்தின் வாலும், பால்வழியின் தடித்த நடுப்பகுதியும் எழுந்திருக்கும். அந்த நேரத்தில் தெருவும் அடங்கியிருக்கும், காற்றும் அமைதியாக இருக்கும். பால்வழிப் படம் எடுப்பவர்கள் பிப்ரவரி, மார்ச் அமாவாசைகளை ஒட்டிய அதிகாலைகளை விடக்கூடாது. அமாவாசை எப்போது என்று அறிய வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதும்.

இன்னொரு திருத்தம் உயரம். புத்தக வரைபடத்தில் துருவ நட்சத்திரம் வானத்தின் பாதி உயரத்தில் இருக்கும். மதுரையில் அது தொடுவானத்திலிருந்து 10 டிகிரிதான், அதாவது ஒரு முஷ்டி. அவர்களுக்கு வடக்கில் இருப்பதெல்லாம் நமக்குத் தாழும், தெற்கில் இருப்பதெல்லாம் உயரும். ஓரியன் நெபுலா அவர்களுக்குத் தெற்கே பாதி உயரத்தில். நமக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல்.

அப்படியானால் நம் அட்சரேகைக்குப் பொருந்தும் புத்தகமே கிடையாதா?

உண்டு. அதிகம் பேர் கவனிக்காத விஷயம் இது. ஸ்டீவன் ஜேம்ஸ் ஓ'மியரா எழுதிய 'டீப் ஸ்கை கம்பேனியன்ஸ்' வரிசை. 'தி மெஸ்ஸியே ஆப்ஜெக்ட்ஸ்' 1998-இலும் 'தி கால்டுவெல் ஆப்ஜெக்ட்ஸ்' 2002-இலும் வந்தன. அவர் இவற்றுக்காக வானம் பார்த்தது ஹவாய்த் தீவில், ஏறக்குறைய 19 டிகிரி வடக்கில். கருவியும் பெரியதல்ல, 4 அங்குல லென்ஸ் தொலைநோக்கி. ஹவாய் மலையின் இருட்டு நமக்கு இல்லைதான். ஆனால் எது எவ்வளவு உயரத்தில் வரும் என்பதில் அவர் நம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

மெஸ்ஸியே, கால்டுவெல் இரண்டும் தொலைநோக்கியில் பார்க்கத் தகுந்த கொத்துகள், நெபுலாக்கள் போன்றவற்றின் பட்டியல்கள். கால்டுவெல் பட்டியலை பிரிட்டனின் பேட்ரிக் மூர் 1995-இல் தொகுத்தார். மெஸ்ஸியே பட்டியலில் இல்லாத 109 பொருள்கள், வடக்கிலிருந்து தெற்காக எண்ணிடப்பட்டவை. மெஸ்ஸியே பாரிஸிலிருந்து பார்த்தவர் என்பதால் அவருடைய 110-இல் ஆழமான தென்வானம் கிடையாது. கால்டுவெல்லின் பிற்பாதிதான் நம் சொத்து.

ஒமேகா சென்டாரி என்ற உருண்டைக் கொத்தை (பல லட்சம் விண்மீன்கள் பந்துபோல் திரண்டது) எடுத்துக்கொள்ளுங்கள். பால்வழியின் உருண்டைக் கொத்துகளில் மிகப் பெரியது. லண்டனில் அது உதிப்பதே இல்லை. மதுரையில் 32 டிகிரி உயரம் வரை ஏறுகிறது. ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கில் தெற்கே பாருங்கள். இருட்டான ஊராக இருந்தால் வெறும் கண்ணுக்கே மங்கிய ஒரு விண்மீன் போலத் தெரியும். கரினா நெபுலாவும் தென்சிலுவையும் 20 டிகிரி வரை வரும். வட நாட்டுப் புத்தகங்களில் 'தெற்கே பயணம் போனால் பார்க்க வேண்டியவை' என்று ஏக்கத்தோடு எழுதியிருப்பார்கள். நாம் தெற்குப் பக்கம் வெளிச்சமில்லாத ஒரு வயல்வெளியையோ கடற்கரையையோ தேடிக்கொண்டால் போதும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வந்துவிடுகிறது.

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் செயலி போனில் இருக்கிறது. அச்சிட்ட வரைபடம் எதற்கு?

ஸ்டெல்லேரியம் அருமையானது, இலவசமாகவும் கிடைக்கிறது, நானும் பயன்படுத்துகிறேன். இன்றைக்கு என்ன தெரியும் என்று திட்டமிட அதுதான் சிறந்தது. ஆனால் தொலைநோக்கி அருகில் போன் திரையைப் பார்த்தால், இருட்டுக்குப் பழகிய கண் ஒரு நொடியில் கெட்டுவிடும். மறுபடி பழக இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். சிவப்பு நிற முறையில் வைத்தாலும் பல போன்களில் வெளிச்சம் அதிகம்தான்.

ரோஜர் சின்னட் தொகுத்த 'பாக்கெட் ஸ்கை அட்லஸ்' 2006-இல் வந்தது. 80 வரைபடங்கள், 7.6 மேக்னிட்யூட் (விண்மீன் ஒளி அளவு; எண் கூடினால் மங்கல்) வரை முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், ஏறக்குறைய 1,500 தொலைவானப் பொருள்கள். கைக்கு அடக்கமானது. பைனாகுலருக்கும் சிறிய தொலைநோக்கிக்கும் இந்த அளவு சரியாக இருக்கும். ஒரு டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடிக் காகிதத்தை இரண்டு மூன்று மடிப்பாகச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டால் படிப்பதற்கு வேறெதுவும் வேண்டாம்.

வாங்கியதும் ஒரு வேலை செய்யுங்கள். பென்சிலால் நம் பெயர்களை எழுதி வையுங்கள். ஆல்டெபரான் பக்கத்தில் ரோகிணி. பீட்டல்ஜூஸ் பக்கத்தில் திருவாதிரை. ரெகுலஸ் மகம், ஸ்பைகா சித்திரை, ஆர்க்டூரஸ் சுவாதி, அன்டாரஸ் கேட்டை, கனோபஸ் அகத்தியர், மெஸ்ஸியே 45 கார்த்திகை. வீட்டில் பெரியவர்களுக்கு நட்சத்திரப் பெயர்கள் எல்லாம் மனப்பாடம். வானத்தில் எது எது என்று காட்டத்தான் ஆள் இருப்பதில்லை. அம்மாவை மாடிக்கு அழைத்து 'இதுதான் உங்கள் நட்சத்திரம்' என்று காட்டிய இரவு எனக்கு மறக்காது.

பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு 9.75 மேக்னிட்யூட் வரை போகும் 'யுரானோமெட்ரியா 2000.0' உண்டு. 8 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் அவசரமில்லை.

பழைய புத்தகங்கள் குறைந்த விலைக்கு வருகின்றன. வாங்கலாமா?

வானத்தைப் பற்றிய பழைய புத்தகத்தை வாங்கலாம். கருவியைப் பற்றிய பழைய புத்தகத்தை யோசித்து வாங்குங்கள்.

முதல் வகைக்கு மிகச் சிறந்த உதாரணம் 'பர்ன்ஹாம்ஸ் செலஸ்டியல் ஹேண்ட்புக்'. மூன்று தொகுதிகள், 2,100 பக்கத்துக்கும் மேல். டோவர் பதிப்பகம் 1978-இல் வெளியிட்டது. விண்மீன் கூட்டங்களை அகர வரிசையில் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் உள்ள இரட்டை விண்மீன்கள், மாறும் விண்மீன்கள், கொத்துகள், நெபுலாக்கள் எல்லாவற்றையும் பட்டியலிடுகிறது. பட்டியலுக்கு நடுவே கவிதை வரும், புராணம் வரும், பழைய நாணயத்தின் படம் வரும். ராபர்ட் பர்ன்ஹாம் இளையவர் லோவெல் வானாய்வகத்தில் பணிபுரிந்துகொண்டே, சொந்த நேரத்தில் தனியாளாக இதை எழுதினார். அந்த வேலை முடிந்துபோனபின் அவர் வாழ்க்கை சரிந்தது. கடைசிக் காலத்தில் சான் டியேகோவின் பல்போவா பூங்காவில் தான் வரைந்த ஓவியங்களை விற்றுப் பிழைத்து, 1993-இல் யாரும் அறியாமல் இறந்தார். உலகமெங்கும் வானம் பார்ப்பவர்கள் அவர் புத்தகத்தைக் கையில் வைத்திருந்த காலம் அது. அந்தத் தொகுதிகளைத் திறக்கும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது.

அதில் விண்மீன்களின் இடத்தைக் குறிக்கும் எண்கள் 1950-ஆம் ஆண்டு நிலைக்கானவை. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் இன்றைய இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளியிருக்கும். தொலைவுக் கணக்குகளும் பழையவை. ஹிப்பார்கஸ், கையா விண்கலங்களின் அளவீடுகளுக்கு முந்தியவை. எண்களுக்கு இணையத்தைப் பாருங்கள், மற்றதற்கெல்லாம் பர்ன்ஹாமைப் படியுங்கள்.

இரண்டாம் வகைக்கு மைக்கேல் கோவிங்டனே சாட்சி. 'அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபி ஃபார் தி அமெச்சூர்' என்று ஃபிலிம் காலத்தில் எழுதினார். நல்ல புத்தகம், ஆனால் ஃபிலிமைக் கழுவுவது பற்றிய பகுதி இன்று யாருக்கு வேண்டும்? அவரே பின்னர் டிஜிட்டல் கேமராவுக்கென்று தனியாக எழுத வேண்டியிருந்தது.

வான்படம் எடுக்க முதல் புத்தகம் எது?

கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சாதாரண டிஎஸ்எல்ஆரும் ஒரு ட்ரைபாடும் இருந்தால், இப்போது சொன்ன கோவிங்டனின் 'டிஜிட்டல் எஸ்எல்ஆர் அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபி'. இரண்டாம் பதிப்பு 2018-இல் வந்தது, அதையே வாங்குங்கள். அதைப் பிரிப்பதற்கு முன்பே ஒரு படம் எடுத்துவிடலாம். 500-ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுங்கள்; விண்மீன் கோடாக இழுபடாமல் எத்தனை நொடி திறந்து வைக்கலாம் என்று தோராயமாகத் தெரியும். சின்ன சென்சார் கேமராவாக இருந்தால் குவியத் தூரத்தை முதலில் 1.5-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். 18 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 18 நொடி வரும். இது ஃபிலிம் காலத்துக் கணக்கு, ஆகவே இன்றைய கூர்மையான சென்சாருக்கு 12 நொடியில் தொடங்குவது நல்லது.

ட்ராக்கரோ (விண்மீன்களோடு கேமராவைச் சுழற்றும் கருவி) மவுண்டோ வாங்கி நெபுலா பக்கம் போகப் போகிறீர்கள் என்றால் சார்லஸ் பிராக்கனின் 'தி டீப் ஸ்கை இமேஜிங் ப்ரைமர்'. என் கணிப்பில் இந்த வகையில் இதுதான் முதலிடம். காரணம், 'இந்தப் பட்டனை அழுத்து' என்று மட்டும் சொல்லாமல், ஒளி சென்சாரில் விழும்போது என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறது. நூறு படங்களை எடுத்து ஸ்டேக் செய்தால் (ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால்) ஏன் தெளிவு பத்து மடங்குதான் கூடுகிறது, நூறு மடங்கு ஏன் கூடுவதில்லை? இரைச்சல் படங்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலப்படி குறைவதால். இது புரிந்துவிட்டால் 'இன்னும் எவ்வளவு நேரம் எடுக்க வேண்டும்' என்ற கேள்விக்கு நீங்களே விடை கண்டுபிடிப்பீர்கள்.

இதில் நம் ஊருக்கென்று ஒரு கவனிப்பு வேண்டும். டார்க் ஃப்ரேம் (சென்சாரின் இரைச்சலைக் கழிக்க லென்ஸை மூடி எடுக்கும் படம்) பற்றிய அத்தியாயத்தைக் குளிர்நாட்டு வாசகர் மேலோட்டமாகப் படித்தாலும் தப்பித்துவிடுவார். நாம் தப்பிக்க முடியாது. சென்சாரில் வெப்பத்தால் தானாக ஊறும் மின்னோட்டம் ஏறக்குறைய 6 டிகிரி செல்சியஸுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். 4 டிகிரி குளிரில் படம் எடுப்பவருக்கும் 28 டிகிரி சென்னை இரவில் எடுப்பவருக்கும் நடுவே 24 டிகிரி. நான்கு முறை இரட்டித்தால் 16 மடங்கு. ஆகவே டார்க் ஃப்ரேம்களை அதே இரவில், அதே வெப்பத்தில், அதே நொடிக்கணக்கில், லென்ஸை மூடி, குறைந்தது இருபதாவது எடுங்கள். நான் ஒரு வருஷம் இதைத் தவிர்த்துவிட்டு, படத்தில் வரும் சிவப்பு, நீலப் புள்ளிகளுக்குக் கேமராவைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த படியில் கிறிஸ் வுட்ஹவுஸின் 'தி அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபி மேனுவல்'. ஒரு பொறியாளரின் கட்டுப்பாட்டோடு எழுதப்பட்டது. முதல் புத்தகமாக எடுத்தால் மிரட்டும். பிக்ஸ்இன்சைட் என்ற கட்டண மென்பொருளை வாங்கியவர்களுக்கு வாரன் கெல்லரின் 'இன்சைட் பிக்ஸ்இன்சைட்'. ஆனால் மென்பொருள் புத்தகங்கள் திரைப் படங்களோடு சேர்ந்து பழசாகிவிடும். படங்களை ஸ்டேக் செய்யும் டீப்ஸ்கைஸ்டேக்கர், சிரில் என்ற மென்பொருள்கள் இலவசம். அவற்றில் கை பழகிய பிறகு இந்தப் பக்கம் வரலாம்.

போலார் அலைன்மென்ட் (மவுண்டின் அச்சை வானத் துருவத்துக்கு நேராக்குவது) அத்தியாயத்தில் சொன்னபடி செய்ய முடியவில்லை. துருவ நட்சத்திரமே தெரிவதில்லை.

தவறு உங்களுடையதல்ல. அந்த அத்தியாயங்கள் துருவ நட்சத்திரம் 40, 50 டிகிரி உயரத்தில் தெளிவாக நிற்கும் ஊர்களை நினைத்து எழுதப்பட்டவை. நமக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரியில், தூசிக்கும் தெருவிளக்குக்கும் தென்னைமரத்துக்கும் பின்னால் இருக்கிறது.

புத்தகத்தில் 'ட்ரிஃப்ட் முறை' என்ற பகுதியைத் தேடுங்கள். பல ஆசிரியர்கள் அதைப் பழைய முறை என்று பின்னால் தள்ளியிருப்பார்கள். நமக்கு அதுதான் முதல் பாடம். தெற்கே உச்சிக்கோட்டுக்கும் (வடக்கு தெற்காக உச்சி வழியே போகும் கோடு) வானநடுக்கோட்டுக்கும் (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) அருகில் ஒரு விண்மீனை வைத்து, அது மேலே நகர்கிறதா கீழே நகர்கிறதா என்று பார்த்து மவுண்டை இடம் வலமாகத் திருப்ப வேண்டும். பிறகு கிழக்கிலோ மேற்கிலோ தாழ்வாக உள்ள ஒரு விண்மீனை வைத்து உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். துருவம் தெரியவே வேண்டாம். கணினி வைத்திருந்தால் நினா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி முறை ஒன்று செருகுநிரலாகக் கிடைக்கிறது. அதற்கும் துருவத்தின் பக்கம் திறந்த வானம் தேவையில்லை.

மவுண்ட் வாங்கும் முன் ஒன்று பாருங்கள். எத்தனை டிகிரி அட்சரேகை வரை சாய்க்கலாம் என்று குறிப்பில் போட்டிருக்கும். சில மவுண்டுகள் 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்காது. இறங்கினாலும் எதிர்எடைக் கம்பி ட்ரைபாட் காலில் இடிக்கும். எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு வரிக்கு மேல் கிடைக்காது.

கோள்களைப் படம் எடுக்க?

தியரி லெகோவின் 'அஸ்ட்ரோஃபோட்டோகிராஃபி'. பிரெஞ்சுக்காரர், சூரியனுக்கு முன்னால் சர்வதேச விண்வெளி நிலையம் கடக்கும் நொடியைப் படமெடுத்துப் புகழ்பெற்றவர். நிலா, கோள், சூரியன் பற்றி அவர் எழுதியதுபோல் மற்றவர்கள் விரிவாக எழுதுவதில்லை.

கோள் படத்தில் நம் இடம் அபூர்வமானது. கோள்கள் வானநடுக்கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 28 டிகிரிக்குள்தான் உலாவுகின்றன. ஆகவே சென்னையில் எந்தக் கோளும், எந்த வருஷமும், உச்சிக்கோட்டைக் கடக்கும்போது குறைந்தது ஏறக்குறைய 50 டிகிரி உயரத்தில் இருக்கும். லண்டன்காரருக்கு வியாழன் தெற்கே ஒதுங்கிய வருஷங்களில் 15 டிகிரிதான். அடர்ந்த, கொதிக்கும் காற்றின் வழியே பார்க்க வேண்டும். பிரிட்டனின் புகழ்பெற்ற கோள் படக்காரர் டேமியன் பீச், தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பார்படாஸ் தீவுக்குப் போய்ப் படம் எடுத்திருக்கிறார். பார்படாஸ் இருப்பது 13 டிகிரி வடக்கில். சென்னையும் அதே கோட்டில்தான். நகர வெளிச்சமும் கோள்களுக்குத் தடையில்லை. அண்ணா நகர் மாடியிலிருந்தே செய்யக்கூடிய வேலை.

சூரியனைப் பற்றிய அத்தியாயத்தைச் செயல்படுத்தும்போது, தொலைநோக்கியின் முன்வாயில் பொருத்தும் சரியான சூரிய ஃபில்டர் இல்லாமல் ஒரு கணமும் பார்க்காதீர்கள். கண் போனது போனதுதான்.

நகரத்தில் இருக்கிறேன். நிலாவுக்கு?

அன்டோனின் ரூக்லின் 'அட்லஸ் ஆஃப் தி மூன்'. 76 துண்டுகளாக நிலாவைப் பிரித்துக் கையால் வரைந்தது. அச்சில் இல்லை, பழைய பிரதி விலை அதிகம். கிடைக்கும்வரை விர்ச்சுவல் மூன் அட்லஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

சீஸ்டார் மாதிரித் தானியங்கித் தொலைநோக்கி வாங்கியிருக்கிறேன். இனிப் புத்தகம் தேவையா?

தேவை. எதைப் படமெடுப்பது, எடுத்தது என்ன என்பதை அது ஆழமாகச் சொல்லித்தராது. ஓ'மியராவை வாங்குங்கள். கூடவே பிராக்கனில் புலச்சுழற்சி (வானத்தோடு படமும் சுழல்வது) பற்றிய பகுதி: உச்சந்தலைக்கு அருகே பொருள் வரும்போது இந்தக் கருவிகளில் படம் வேகமாகச் சுழலும். நமக்கு ஓரியன் அங்கேதான் போகிறது, ஆகவே அது ஏறுவதற்கு முன்போ இறங்கிய பிறகோ எடுங்கள்.

குழந்தைகளுக்கு?

எச். ஏ. ரே எழுதி வரைந்த 'ஃபைண்ட் தி கான்ஸ்டலேஷன்ஸ்'. 1954-இல் வந்தது, 'க்யூரியஸ் ஜார்ஜ்' குரங்குக் கதைகளை உருவாக்கியவர் இவர். மிதுனத்தை இரண்டு மனிதர்களாகவே தெரியும்படி கோடு போட்டிருப்பார். பெரியவர்களுக்கு அவருடைய 'தி ஸ்டார்ஸ்' இருக்கிறது. ஆங்கிலம் தடையாக இருந்தால் படங்களை வைத்துக்கொண்டு நீங்கள் தமிழில் கதை சொல்லுங்கள்.

தமிழில் எதுவும் இல்லையா?

வானியலை விளக்கும் எழுத்து தமிழில் இருக்கிறது. த. வி. வெங்கடேஸ்வரன் நிறைய எழுதியிருக்கிறார். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' மாத இதழ் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியலைக் கொண்டுபோகிறது. ஆனால் தொலைநோக்கியின் பக்கத்தில் விரித்து வைத்து, 'இங்கிருந்து இரண்டு விரல் தெற்கே போ' என்று வழிநடத்தும் தமிழ்ப் புத்தகம் ஒன்றை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை. 10 டிகிரி வடக்கில் நின்று, நம் மாதங்களையும் மழையையும் கணக்கில் வைத்து, நம் நட்சத்திரப் பெயர்களோடு அப்படி ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. படிப்பவர்களில் யாராவது எழுதினால் முதல் பிரதி எனக்கு.

காசு கொடுக்காமல் படிக்க முடிகிறவை எவை?

திருட்டு பிடிஎஃப் வேண்டாம்.  நேர்மையாக இலவசமாகக் கிடைப்பவையே போதுமான அளவு இருக்கின்றன. ஹோசே டோரஸின் 'ட்ரை அட்லஸ்' மூன்று நிலைகளில் வானம் முழுவதற்கும் வரைபடம் தருகிறது, வேண்டிய பக்கத்தை மட்டும் அச்சிட்டுக்கொள்ளலாம். தாமஸ் வில்லியம் வெப் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1859-இல் எழுதிய 'செலஸ்டியல் ஆப்ஜெக்ட்ஸ் ஃபார் காமன் டெலஸ்கோப்ஸ்' காப்புரிமை முடிந்தது, இணைய ஆவணகத்தில் படிக்கலாம். அப்புறம், மாறும் விண்மீன்களைக் கவனிப்பவர்களின் அமெரிக்கச் சங்கம் தரும் கையேடு.

பார்ப்பதோடு நிற்காமல் பயனுள்ள ஏதாவது செய்ய ஆசை. எங்கே தொடங்குவது?

இப்போது சொன்ன அந்தக் கையேட்டில். அந்தச் சங்கம் 1911-இல் தொடங்கியது. ஒளி கூடிக் குறையும் விண்மீன்களைக் கண்ணால் மதிப்பிட்டு நீங்கள் அனுப்பும் எண்கள் ஆய்வாளர்களுக்குப் பயன்படுகின்றன. பைனாகுலரே போதும்.

இந்த வேலைக்கும் சென்னைக்கும் பழைய உறவு உண்டு. விண்மீன் ஒளியை அளக்க உலகம் முழுவதும் பயன்படுத்தும் 2.512 என்ற விகிதத்தை 1856-இல் முன்வைத்தவர் நார்மன் போக்சன். அவர் 1861 முதல் 1891-இல் இறக்கும்வரை மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்தார். அவரிடம் பணிபுரிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் 'ஆர் ரெட்டிகுலி' என்ற மாறும் விண்மீனைக் கண்டுபிடித்தார். அது 63 டிகிரி தெற்கில் இருக்கிறது. ஐரோப்பாவின் வானாய்வகங்களுக்கு உதிக்காத விண்மீன். சென்னையில் 14 டிகிரி உயரம் வரை வரும். இன்றும் டிசம்பர், ஜனவரி இரவுகளில், மழை விட்ட ஒரு நாளில், தெற்குத் தொடுவானத்துக்கு மேல் அதைத் தேடலாம். பிரகாசமான காலத்தில் சிறிய தொலைநோக்கிக்கு எட்டும், மங்கிய காலத்தில் மறைந்துவிடும்.

மார்கழிப் பனியில் புத்தகம் நனைந்து பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. என்ன செய்வது?

முழுப் புத்தகத்தையும் வெளியே கொண்டுபோகாதீர்கள். அன்றைக்குப் பார்க்கப் போகும் நாலைந்து பொருள்களுக்கான பக்கங்களை மட்டும் நகல் எடுத்து, கண்ணாடிபோல் தெரியும் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு ஒரு கோப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். உறையின் மேல் மார்க்கர் பேனாவால் குறித்துவிட்டு, அடுத்த நாள் துடைத்துவிடலாம். ஏற்கெனவே ஈரமான புத்தகத்தை வெயிலில் காயவைக்க வேண்டாம், முதுகு பிளந்துவிடும். பக்கங்களுக்கு நடுவே செய்தித்தாள் துண்டுகளை வைத்து மின்விசிறியின் கீழே நிறுத்தி வையுங்கள்; ஒரு பகலில் காய்ந்துவிடும்.